கண்ணும் இமையும் ஒன்றுக்கொன்று ஒத்திராதபோது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம் என்று தமிழ் பேசும் ஊர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. இந்தப் பக்கத்தில் நடக்கும் கண் முகாம்களில் பல ஆண்டுகளாகப் பெயர் பதியும் மேசையில் உட்கார்ந்து வருகிறேன். நான் மருத்துவன் அல்லன். கண்புரைக்கும் கண்ணாடிக்கும் வரும் கூட்டம் கலைந்த பிறகு, "ஒரு கண் சின்னதாக இருக்கிறது", "இமை இறங்கிக்கொண்டே வருகிறது" என்று தயங்கித் தயங்கிச் சொல்பவர்கள் ஒவ்வொரு முகாமிலும் உண்டு. அவர்கள் கேட்ட கேள்விகளையும், மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் நான் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

இரண்டு கண்களும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருப்பதுதான் இயல்பா?

இல்லை. எந்த முகத்தை அளந்தாலும் வலமும் இடமும் சிறிதளவு வேறுபட்டே இருக்கும். ஒரு புருவம் சற்று மேலே இருக்கும். ஒரு கண்ணின் இமை மடிப்பு ஆழமாகவும் மற்றதன் மடிப்பு மேலோட்டமாகவும் இருக்கும். மூக்குத் தண்டிலிருந்து இரு கண்களுக்கும் உள்ள தூரம்கூட ஒன்றாக இராது. 1 மில்லிமீட்டர் அளவிலான வித்தியாசத்தை எதிரில் இருப்பவர் கவனிப்பதே அரிது. கைபேசியை முகத்துக்கு மிக அருகில் பிடித்து எடுக்கும் படம் இந்த வித்தியாசத்தை மிகைப்படுத்தும். அதோடு, கண்ணாடியில் நாம் பார்த்துப் பழகிய முகம் படத்தில் வலம் இடம் மாறி வருவதால், பழகிய வித்தியாசமே புதியதுபோல் தோன்றும். தலையை ஒரு பக்கம் சாய்த்தே படத்துக்கு நிற்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் இப்படித் தோன்றுவதுண்டு.

அப்படியானால் எதைக் கண்டு கவலைப்பட வேண்டும்?

"எவ்வளவு வித்தியாசம்" என்பதைவிட "எப்போதிலிருந்து" என்பதே முதல் கேள்வி. முப்பது ஆண்டுகளாக அப்படியே இருக்கும் 3 மில்லிமீட்டர் வித்தியாசத்தைவிட, நேற்று மாலை இல்லாமல் இன்று காலை வந்திருக்கும் 1 மில்லிமீட்டர் வித்தியாசம் அவசரமானது. பலருக்கு எப்போதிலிருந்து என்று சொல்லத் தெரியாது. அதற்குப் பழைய படங்கள் உதவும். கல்யாண ஆல்பம், பள்ளிக்கூடக் குழுப்படம், பழைய அடையாள அட்டை ஆகியவற்றில் உள்ள முகத்தை இன்றைய முகத்தோடு வைத்துப் பார்த்தால் மாற்றம் தெரிந்துவிடும். கண் மருத்துவர்களும் இதைத்தான் செய்யச் சொல்கிறார்கள். என் தாயாருக்கு இடது இமை "வயசாகிவிட்டதால்" இறங்குகிறது என்று நாங்கள் இரண்டு ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தோம். என் தங்கையின் கல்யாணப் படத்தை எடுத்துப் பார்த்தபோதுதான், அதில் அம்மாவின் இரு கண்களும் சமமாகத் திறந்திருந்ததும், மாற்றம் அதற்குப் பிந்தியது என்பதும் விளங்கின. எனவே முகாமுக்கு வருபவர்களிடம், முடிந்தால் ஒரு பழைய படத்தையும் கொண்டு வாருங்கள் என்று இப்போது சொல்லி வைக்கிறேன்.

புதிதாக வந்த இமை இறக்கத்தோடு இரட்டைப் பார்வை, கடுமையான தலைவலி, கழுத்துவலி, கண்பாவைகளின் (கருவிழியின் நடுவிலுள்ள கறுப்பு வட்டங்களின்) அளவில் வித்தியாசம், பேச்சுக் குழறல், விழுங்கச் சிரமம், கை கால் பலவீனம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் அடுத்த முகாம் வரை காத்திருக்கக் கூடாது. அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மேல் இமையை எது தூக்கிப் பிடித்திருக்கிறது?

கண்குழியின் உட்புறத்திலிருந்து வரும் ஒரு தசைதான் பெரும்பகுதி வேலையைச் செய்கிறது. அது மூளையிலிருந்து வரும் மூன்றாவது நரம்பின் கட்டளைப்படி இயங்குகிறது. அதன் அடியில் இருக்கும் சிறு தசை ஒன்று கூடுதலாக 2 மில்லிமீட்டர் அளவுக்குத் தூக்குகிறது. நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத இந்தச் சிறு தசையை வேறொரு நரம்பு இயக்குகிறது. கண்ணை மூடுவதற்கு வட்டமான மற்றொரு தசையும், அதை இயக்க முகத்துக்குரிய ஏழாவது நரம்பும் இருக்கின்றன. இமையைத் தூக்குவதும் மூடுவதும் வெவ்வேறு நரம்புகளின் வேலை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், கீழே வரும் பதில்கள் எளிதில் புரியும்.

இயல்பான கண்ணில் மேல் இமையின் விளிம்பு கருவிழியின் மேல் ஓரத்தை 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை மூடியிருக்கும். மருத்துவர் ஒரு சிறு விளக்கைக் காட்டி, கண்பாவையின் நடுவில் விழும் ஒளிப்புள்ளியிலிருந்து இமை விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளப்பார். 4 முதல் 5 மில்லிமீட்டர் இருந்தால் இயல்பு. பிறகு புருவத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்கச் சொல்லி, மேலே பார்க்கச் சொல்லி, இமை எவ்வளவு நகர்கிறது என்று அளவுகோலால் பார்ப்பார். சுமார் 15 மில்லிமீட்டர் நகர்ந்தால் தசை நல்ல பலத்தோடு இருக்கிறது என்று பொருள். 4 மில்லிமீட்டருக்கு மேல் நகரவில்லை என்றால் தசையில் பலம் மிகக் குறைவு. எந்த அறுவையைச் செய்வது என்பதைப் பெரும்பாலும் இந்த ஓர் அளவே தீர்மானிக்கிறது.

எனக்கு வலது கண் பெரிதாக இருக்கிறது. ஆனால் மருத்துவர் இடது கண்ணில்தான் கோளாறு என்கிறாரே?

அவர் சொல்வது சரியாக இருக்கலாம். இரு இமைகளுக்கும் மூளை ஒரே அளவு உந்துதலையே அனுப்புகிறது. இடது இமை இறங்கினால் அதைத் தூக்குவதற்காக மூளை அதிகம் உந்தும். அந்த உந்துதல் நன்றாக இருக்கும் வலது இமைக்கும் சேர்ந்து போவதால், வலது கண் அகல விரிந்து தெரியும். இறங்கிய இமையை விரலால் தூக்கிப் பிடித்தால், விரிந்த கண்ணின் இமை மெல்லக் கீழே வருவதைக் காணலாம். அறுவைக்கு முன் மருத்துவர்கள் இதைக் கட்டாயம் சோதிக்கிறார்கள். இல்லாவிட்டால் ஒரு பக்கத்தைத் தூக்கிய பிறகு மறுபக்கம் இறங்கிவிடும்.

காலையில் எழுந்தபோது இரண்டு இமைகளும் திறக்கவில்லை. என்னவாக இருக்கும்?

தென்னந்தோப்பும் நெல்வயலும் சூழ்ந்த நம் ஊர்களில் முதலில் நினைக்க வேண்டியது கட்டுவிரியன் பாம்புக் கடியை. மலையாளத்தில் இதை வெள்ளிக்கெட்டன் என்கிறார்கள். தரையில் படுத்து உறங்குபவரை இது இரவில் கடிக்கும். கடித்த இடத்தில் வலி பெரும்பாலும் இராது, வீக்கமும் இராது, பல்லின் தடம்கூடப் பல வேளைகளில் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி என்று தொடங்கி, பிறகு இரண்டு இமைகளும் தொங்கி, நாக்குக் குழறி, எச்சில் விழுங்க முடியாமல் போய், கடைசியில் மூச்சு நின்றுவிடும். வீட்டார் இதை அஜீரணம் என்றோ தூக்கக் கலக்கம் என்றோ எண்ணி இழக்கும் ஒவ்வொரு மணி நேரமும் உயிரைப் பறிக்கக்கூடியது.

நல்ல பாம்பு கடித்தாலும் இமைகள் இதேபோல் இறங்கும். ஆனால் அதில் பெரும்பாலும் வலியும் வீக்கமும் இருப்பதால் கடித்தது தெரிந்துவிடும். நரம்பின் கட்டளை தசைக்குள் நுழையும் வாசலை இந்த விஷங்கள் அடைத்துவிடுகின்றன. இமைத் தசை மென்மையானது என்பதால் முதலில் அதில் தெரிகிறது. மாற்று மருந்தும், மூச்சு நின்றால் செயற்கைச் சுவாசமும் உரிய நேரத்தில் கிடைத்தால் முழுமையாகப் பிழைத்து எழுந்துவிடலாம். கடித்த இடத்தைக் கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். விஷவைத்தியம் பார்ப்பவரிடம் போய்விட்டுப் பிறகு மருத்துவமனைக்குப் போகலாம் என்ற எண்ணமும் வேண்டாம். 108ஐ அழைத்து, பாம்புக்கடி மாற்று மருந்தும் செயற்கைச் சுவாசக் கருவியும் உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும்.

இந்தியாவில் பயன்படும் மாற்று மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் பொதுவானது. ஆகவே பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை. அந்த மருந்தைத் தயாரிக்கத் தேவைப்படும் விஷத்தின் பெரும்பங்கைப் பல ஆண்டுகளாகத் தந்து வருவது, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நம் வயல்வெளிகளில் பிழைத்த பலரின் உயிருக்குப் பின்னால் அவர்களுடைய உழைப்பு இருக்கிறது என்பதை இங்கே குறிப்பிடாமல் போக மனம் வரவில்லை.

ஓர் இமை மட்டும் திடீரென்று முழுவதும் விழுந்துவிட்டது. கையால் தூக்கினால் இரண்டிரண்டாகத் தெரிகிறது. ஏன்?

மூன்றாவது நரம்பு செயலிழந்தால் இப்படி ஆகும். இமை விழுவதோடு கண் வெளிப்புறமாகத் திரும்பிக்கொள்ளும். இமை மூடியிருக்கும்வரை இரட்டைப் பார்வை தெரியாது, தூக்கினால்தான் தெரியும். இப்போது பார்க்க வேண்டியது கண்பாவையை. மறு கண்ணைவிட அது பெரிதாக விரிந்திருந்தால், மூளையின் அடியில் ரத்தக் குழாய் ஒன்று புடைத்து அந்த நரம்பை அழுத்திக்கொண்டிருக்கலாம். அது வெடித்தால் உயிருக்கு ஆபத்து. ஆகையால் அன்றே ரத்தக் குழாய்களைக் காட்டும் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

கண்பாவை இயல்பாக இருந்து, நீண்ட காலச் சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இருந்தால், நரம்புக்குப் போகும் நுண்ணிய ரத்தக் குழாய் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். இந்த வகை பெரும்பாலும் 3 மாதங்களுக்குள் தானாகவே சரியாகிறது. ஆனாலும் எந்த வகை என்று நாமே வீட்டில் முடிவு செய்வது தவறு. முதல் நாள் இயல்பாக இருந்த கண்பாவை சில நாள்களில் விரிவதும் உண்டு.

இதற்கு நேர்மாறான ஒரு நிலையும் இருக்கிறது. இமை 1 முதல் 2 மில்லிமீட்டர் வரை மட்டும் இறங்கி, அந்தப் பக்கத்துக் கண்பாவை சுருங்கி, சிலருக்கு அந்தப் பக்க முகம் வியர்க்காமலும் போகும். சுவிட்சர்லாந்தின் கண் மருத்துவர் ஹார்னர் 1869இல் விவரித்ததால் அவர் பெயராலேயே இது அறியப்படுகிறது. கோளாறு கண்ணில் இராது. கழுத்திலோ நெஞ்சிலோ, இமையின் சிறு தசையை இயக்கும் நரம்பு போகும் பாதையில் இருக்கும். கழுத்து ரத்தக் குழாயின் சுவர் கிழிந்திருக்கலாம். நெடுநாள் பீடி, சிகரெட் புகைத்தவருக்கு நுரையீரல் உச்சியில் கட்டி இருக்கலாம். இவ்வளவு சின்ன இறக்கம்தானே என்று விடக் கூடாததற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

காலையில் நன்றாக இருக்கும் இமை மாலையில் இறங்குகிறது. சில நாள் வலது, சில நாள் இடது. இது களைப்பா?

களைப்பு என்று தள்ளிவிடக் கூடாது. நரம்புக்கும் தசைக்கும் இடையில், பாம்பு விஷம் அடைக்கும் அதே வாசலை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் மயஸ்தீனியா என்ற நோய் இப்படித்தான் தொடங்கும். கண்ணிமைக்காமல் ஒரு நிமிடம் மேலே பார்த்துக்கொண்டிருந்தால் இமை மெதுவாக வழிந்து இறங்கும். துணியில் சுற்றிய பனிக்கட்டியை மூடிய இமையின் மேல் 2 நிமிடம் வைத்து எடுத்தபின் இமை 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் உயர்ந்தால், இந்நோயாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். உறுதி செய்ய ரத்தப் பரிசோதனையும் நரம்புப் பரிசோதனையும் உண்டு. நெஞ்சுக்கூட்டில் உள்ள தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேனும் எடுப்பார்கள்.

1934இல் மேரி வாக்கர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், இந்த நோயாளிகளின் பலவீனம் அம்புநுனி விஷமான குராரே ஏறியவர்களின் பலவீனத்தை ஒத்திருப்பதைக் கண்டு, அந்த விஷத்துக்கான முறிமருந்தையே கொடுத்துப் பார்த்தார். நோயாளிக்குப் பலம் திரும்பியது. இன்று கொடுக்கப்படும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரை அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் உறவான நியோஸ்டிக்மின்தான் நல்ல பாம்புக் கடியிலும் ஊசியாகப் போடப்படுகிறது. கண்ணோடு தொடங்குபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள், இது உடலின் பிற தசைகளுக்கும் பரவுகிறது. சில ஆன்டிபயாடிக் மருந்துகள் இந்நோயைக் கடுமையாக்கும். எனவே மருந்துக் கடையில் நாமாக வாங்கி விழுங்குவதை அடியோடு நிறுத்த வேண்டும்.

கண்ணை மூடவே முடியவில்லை; வாயும் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. இதுவும் இமை நோயா?

இது ஏழாவது நரம்பின் வாதம். நம் பக்கத்தில் முகவாதம் என்பார்கள். மூட முடியாத கண் பெரிதாகத் தெரியும். அதனால் மறு கண்தான் சிறுத்துவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். முதலில் பக்கவாதமா என்று தெரிந்துகொள்ள வேண்டும். நெற்றியைச் சுருக்கச் சொன்னால், முகவாதத்தில் அந்தப் பக்க நெற்றியும் சுருங்காது; மூளையில் ஏற்பட்ட பக்கவாதத்தில் நெற்றி பெரும்பாலும் சுருங்கும், வாய் மட்டும் கோணும், கை காலும் தளரலாம். சந்தேகம் இருந்தால் பக்கவாதம் என்றே கொண்டு விரைய வேண்டும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

முகவாதமாக இருந்தால், 3 நாள்களுக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கினால் குணமாகும் வாய்ப்பு கூடுகிறது. அதுவரை கருவிழியைக் காப்பதே முக்கிய வேலை: பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் கண் களிம்பு, அதன்மேல் இமையை மூடி ஒட்டும் பிளாஸ்திரி.

ஒரு கண் பிதுங்கி, வெள்ளை விழி மேலேயும் தெரிகிறது. கண்ணுக்குள் கட்டியா?

கட்டியாகவும் இருக்கலாம், ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் பெரியவர்களுக்கு ஒரு கண் பிதுங்கினாலும் இரண்டும் பிதுங்கினாலும் மிகச் சாதாரணமான காரணம் தைராய்டு நோய்தான். கண்ணைச் சுற்றியுள்ள தசையும் கொழுப்பும் வீங்கிக் கண்ணை முன்னே தள்ளுகின்றன. மேல் இமை பின்னுக்கு இழுபடுகிறது. ரத்தத்தில் தைராய்டு அளவு சரியாக இருக்கும்போதுகூடக் கண் பாதிக்கப்படலாம். புகைப்பழக்கம் இதை வெளிப்படையாக மோசமாக்குகிறது. நிறங்கள் மங்குவதும் பார்வை குறைவதும் பார்வை நரம்பு அழுந்துவதன் அறிகுறிகள்; அவை அவசரம். மற்றபடி, நோய் அடங்கிய பிறகே கண்குழி, மாறுகண், இமை என்ற வரிசையில் அறுவைகளைச் செய்வார்கள். வரிசையை மாற்றினால் முன் செய்தது வீணாகும்.

குழந்தைக்குப் பிறந்ததிலிருந்தே ஓர் இமை இறங்கியிருக்கிறது. வளர்ந்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?

பிறவி இறக்கம் வளர்ந்தால் சரியாவதில்லை. இந்தக் குழந்தைகளுக்கு இமையைத் தூக்கும் தசை சரியாக உருவாகாமல், அதனிடத்தில் நாரும் கொழுப்பும் கலந்திருக்கும். அந்தத் தசை சுருங்கவும் தயங்கும், தளரவும் தயங்கும். அதனால்தான் குழந்தை கீழே பார்க்கும்போது, இறங்கிய இமையே மறு இமையைவிட மேலே நிற்கும்; தூங்கும்போது கண் முழுதாக மூடாது.

இங்கே அழகு இரண்டாம் கேள்வி. பார்வைதான் முதல் கேள்வி. குழந்தையின் மூளை பார்க்கக் கற்றுக்கொள்வது ஏறக்குறைய 7, 8 வயது வரைதான். அதற்குள் ஒரு கண்ணின் கண்பாவையை இமை மறைத்திருந்தால், அந்தக் கண்ணிலிருந்து வரும் படத்தை மூளை ஒதுக்கிவிடும். சோம்பேறிக் கண் என்று சொல்லப்படும் இந்த நிலை பெரியவரான பிறகு கண்ணாடியாலும் அறுவையாலும் சரியாகாது. கண்பாவை மறையாவிட்டாலும், இமையின் அழுத்தத்தால் கருவிழியின் வளைவு மாறி, கண்ணாடி தேவைப்படும் அளவுக்குப் பார்வை மங்கியிருக்கலாம். ஆகவே எந்தப் பிறவி இறக்கமாக இருந்தாலும் முதல் வயதுக்குள் கண் மருத்துவர் ஒருவர் பார்த்துவிட வேண்டும். கண்பாவை முழுதும் மூடியிருந்தால் முதல் சில மாதங்களிலேயே அறுவை செய்வார்கள். மூடவில்லை என்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்வையைச் சோதித்துக்கொண்டு 3 முதல் 5 வயதுக்குள் செய்வார்கள். குழந்தை மோவாயைத் தூக்கி, இமைக்கு அடியால் பார்க்கப் பழகியிருந்தால், அது அந்தக் கண்ணைப் பயன்படுத்துகிறது என்பதற்கு அடையாளம். அப்படித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தை ஒருநாள் அதை விட்டுவிட்டால் பெற்றோர் மகிழக் கூடாது. அந்தக் கண்ணைக் கைவிட்டிருக்கலாம்.

"அரைக்கண்ணன்" என்று வகுப்பில் கூப்பிடுகிறார்கள் என்று கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தாய் ஒருவர் என்னிடம் சொல்லி அழுதார். அவர் மகனுக்கு அப்போது 9 வயது. அறுவையால் இமை உயர்ந்தது. பார்வை பாதிதான் திரும்பியது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே அவரைப் பார்த்திருக்கக் கூடாதா என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

பால் குடிக்கும்போது குழந்தையின் ஓர் இமை மேலும் கீழும் துள்ளுகிறது. பயப்பட வேண்டுமா?

தாடைக்குப் போக வேண்டிய நரம்பின் ஓர் இழை பிறவியிலேயே இமைத் தசையோடு தவறாக இணைந்திருப்பதால் இது நேர்கிறது. 1883இல் லண்டன் மருத்துவர் மார்கஸ் கன் இதை விவரித்தார். உயிருக்கு ஆபத்தில்லை. பார்வைப் பரிசோதனை மட்டும் அவசியம்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்பதால் சிகிச்சை வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். கேட்கலாமா?

பெரியவர்களின் அன்பை மதிக்கலாம். இந்தப் பேச்சைக் கேட்கக் கூடாது. பிறந்து 4 மாதத்துக்குப் பிறகும் கண் திரும்பியிருந்தால் அது நோய்தான். மூக்குத் தண்டு அகலமாக இருக்கும் சில குழந்தைகளுக்கு மாறுகண்போலத் தோன்றி, வளர வளர அத்தோற்றம் மறைவதுண்டு. அதை மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். கண்பாவையில் வெள்ளையாக ஏதாவது தெரிந்தாலோ, ஒளி பாய்ச்சி எடுத்த படத்தில் ஒரு கண் மட்டும் வெண்மையாக மின்னினாலோ ஒரு வாரமும் தாமதிக்க வேண்டாம். விழித்திரையில் வரும் புற்றுநோய் அப்படித்தான் வெளிப்படும். விரைவில் கண்டால் உயிரையும், பல வேளைகளில் கண்ணையும் காப்பாற்றலாம்.

அறுபது வயதுக்கு மேல் இமை இறங்குவதற்குச் சிகிச்சை உண்டா?

உண்டு, அதுவும் நல்ல பலனோடு. வயதானவர்களுக்குத் தசை நன்றாகவே இருக்கும். தசையை இமையோடு இணைக்கும் மெல்லிய நார்த்தகடு நைந்து விலகியிருக்கும். இமை மடிப்பு வழக்கத்தைவிட மேலே ஏறியிருப்பது இதன் அடையாளம். கண்ணை அடிக்கடி கசக்குபவர்களுக்கும், பல ஆண்டுகள் காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்களுக்கும், கண்புரை அறுவை முடிந்த சிலருக்கும் இது வருகிறது. புரை அறுவைக்குப் பின் வரும் லேசான இறக்கம் பெரும்பாலும் தானாகத் தேறிவிடும் என்பதால் சுமார் 6 மாதம் பொறுத்துப் பார்ப்பார்கள். என் தாயாருக்கு இருந்தது இந்த வகைதான். அவர் நாள் முழுதும் நெற்றியைச் சுருக்கிப் புருவத்தால் இமையைத் தூக்கிக்கொண்டிருந்ததால், மாலையானால் தலைவலி என்று தைலம் தடவுவார். அறுவைக்குப் பிறகு அந்தத் தைலப் புட்டி தொடப்படவே இல்லை.

இமை இறங்காமல், மேல் இமைத் தோல் மட்டும் தளர்ந்து தொங்குவதும் உண்டு. அதற்கு உபரித் தோலை நீக்கினால் போதும். புருவமே இறங்கியிருந்தால் புருவத்தைத் தூக்க வேண்டும். மூன்றும் வெளித் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும்.

கண்கட்டியால் இமை இறங்குமா?

இறங்கும். கட்டியின் பாரம் போனால் சரியாகும். சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, பொறுக்கும் சூட்டில் 10 நிமிடம், ஒரு நாளுக்கு மூன்று நான்கு வேளை ஒத்தடம் கொடுக்கலாம். கட்டியைப் பிதுக்கக் கூடாது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

பயிற்சி, எண்ணெய், பூச்சாறு, சொட்டு மருந்து ஆகியவற்றால் இமையைத் தூக்க முடியுமா?

நைந்த நார்த்தகட்டையோ உருவாகாத தசையையோ பயிற்சியும் எண்ணெயும் சரிசெய்யா. நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், ஆமணக்கு எண்ணெய் எதையும் கண்ணுக்குள் விட வேண்டாம். கிருமியேறிக் கருவிழியில் புண் வந்தால் பார்வையே போய்விடும். இமையின் அடியிலுள்ள சிறு தசையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிமெட்டசோலின் 0.1 விழுக்காடு சொட்டு மருந்துக்கு, பெரியவர்களுக்குப் பிற்காலத்தில் வரும் இறக்கத்துக்காக, அமெரிக்காவில் 2020இல் அனுமதி தரப்பட்டது. அது ஒரு சில மணி நேரத்துக்குச் சிறிதளவு தூக்குமே தவிர, குணப்படுத்தாது. மூக்கடைப்புக்கு விற்கும் அதே பெயருள்ள மருந்தைக் கண்ணில் விட்டுப் பார்க்கக் கூடாது. சுருக்கம் நீக்கப் போடும் போடாக்ஸ் ஊசியால் இமை இறங்கினால், ஊசியின் வீரியம் குறையக் குறையச் சில வாரங்களில் சரியாகும். அறுவைக்குத் தாங்காத உடல்நிலை உள்ளவர்களுக்கு, இமையைத் தாங்கும் சிறு கம்பி வைத்த மூக்குக் கண்ணாடி செய்து தருவார்கள்.

அறுவையில் என்ன செய்கிறார்கள்?

தசைக்குப் பலம் இருந்தால், இமை மடிப்பின் கோட்டிலேயே வெட்டி, விலகிய நார்த்தகட்டை மீண்டும் இமையோடு தைப்பார்கள், அல்லது தசையைச் சிறிது சுருக்கித் தைப்பார்கள். தழும்பு மடிப்புக்குள் மறைந்துவிடும். இறக்கம் மிகச் சிறிதாக இருந்தால், இமையைத் திருப்பி உட்புறமாகவே செய்யும் முறையும் உண்டு. பெரியவர்களுக்கு இமையை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டு, நடுவில் எழுந்து உட்காரச் சொல்லி, இரு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்து முடிச்சுப் போடுவார்கள். நோயாளி விழித்திருப்பது இந்த அறுவையில் மருத்துவருக்குப் பெரிய உதவி.

தசைக்குப் பலமே இல்லாதபோது, இமையை நெற்றித் தசையோடு ஒரு நாடாவால் இணைப்பார்கள். அதன்பின் புருவத்தைத் தூக்கினால் இமை திறக்கும். சிலிக்கான் நாடா வைக்கலாம். அல்லது குழந்தையின் தொடையிலிருந்தே ஒரு நார்ப்பட்டையை எடுத்து வைக்கலாம். தொடைப்பட்டை நீடித்து உழைக்கும். ஆனால் 3 வயதுக்கு முன் போதிய நீளம் கிடைக்காது.

முழுச் சமம் கிடைக்கும் என்று எந்த நேர்மையான மருத்துவரும் வாக்குத் தர மாட்டார். சிலருக்கு மேலும் ஒருமுறை செய்ய வேண்டிவரலாம். நேராகப் பார்க்கும்போது 1 மில்லிமீட்டருக்குள் வந்தால் நல்ல பலன் என்றே கருதுகிறார்கள். பிறவி இறக்கத்தில், கீழே பார்க்கும்போது இமை மேலே நிற்பது அறுவைக்குப் பின்னும் இருக்கும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்ட பெற்றோர் பின்னால் மனம் உடைவதில்லை.

அறுவைக்குப் பிறகு நம் ஊர்க் காற்றில் எப்படிக் கவனித்துக்கொள்வது?

இது நியாயமான கேள்வி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மார்கழி, தை மாதங்களில் அடிக்கும் வறண்ட கிழக்குக் காற்று நலமான கண்ணையே எரியவைக்கும். அறுவைக்குப் பின் முதல் சில வாரங்களில், குறிப்பாக நாடா வைத்தவர்களுக்கு, தூக்கத்தில் கண் முழுதாக மூடாது. மூடாத கருவிழி உலர்ந்தால் புண்ணாகும். எனவே களிம்பும் சொட்டு மருந்தும் ஒரு வேளையும் தவறக் கூடாது. மின்விசிறிக்கு நேரே படுக்கக் கூடாது. இரு சக்கர வண்டியில் போகும்போது பக்கம் மூடிய கண்ணாடி அணிய வேண்டும். தையல் பெரும்பாலும் 5 முதல் 7 நாளில் பிரிக்கப்படும். கண் சிவந்து, வலித்து, பார்வை மங்கினால் குறித்த நாள் வரை காத்திராமல் உடனே காட்ட வேண்டும். முடியுமானால் இந்த அறுவையைக் காற்று அடங்கிய மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் சொந்த யோசனை. அவசரமான குழந்தைக்கு இது பொருந்தாது.

பெண்ணுக்கு இமை இறக்கம் இருக்கிறது. பிள்ளைகளுக்கும் வருமா என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கிறார்கள்.

தனியாக ஓர் இமை மட்டும் இறங்கியிருக்கும் பிறவி இறக்கம் பெரும்பாலும் குடும்பத்தில் வேறு எவருக்கும் இராது. சில குடும்பங்களில் தலைமுறைதோறும் வருவதுண்டு. இரண்டு கண்களும் சிறுத்து, அவற்றின் இடைவெளி அகன்று, உள்மூலையில் தோல் மடிந்து, இரண்டு இமைகளும் இறங்கியிருக்கும் ஒரு வகை ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்போடு தொடரும். அதன் ஒரு பிரிவில் பெண்களுக்கு மாதவிடாய் இளவயதிலேயே நின்றுவிடுவதால் மகப்பேறு ஆலோசனையும் தேவை. இதைத் தவிர மற்றவர்களுக்கு, இமை இறக்கத்தைச் சொல்லி ஒரு பெண்ணின் சம்பந்தத்தைத் தட்டிக்கழிக்க மருத்துவத்தில் இடமில்லை.

எங்கே போவது? எந்த மொழியில் சொல்வது?

பாலக்காட்டுக்கும் போகலாம், கோயம்புத்தூருக்கும் போகலாம். பொதுக் கண் மருத்துவர் முதலில் பார்க்கட்டும். அறுவை என்று வந்தால் இமைக்கும் கண்குழிக்கும் தனிப் பயிற்சி பெற்றவரைத் தேடுங்கள். 1976இல் மதுரையில் தொடங்கி இப்போது கோயம்புத்தூரிலும் திருப்பதியிலும் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையில் இதற்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. ஆந்திர எல்லையில், சித்தூர், நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தமிழர்களுக்குத் திருப்பதி அருகில் இருக்கும்.

பாலக்காட்டில் மலையாளத்தில் சொல்ல நேர்ந்தால், இமைக்குக் கண்போள என்றும், மாறுகண்ணுக்குக் கோங்கண்ணு என்றும், கண்கட்டிக்குக் கண்குரு என்றும் சொல்ல வேண்டும். "எப்போதிலிருந்து" என்பதை நாள் கணக்கோடு ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை எந்த மாநிலத்தில் பதிவானதோ, அதை எல்லைக்கு அப்பால் உள்ள மருத்துவமனை ஏற்குமா என்று அறுவை நாளைக் குறிப்பதற்கு முன்பே அங்குள்ள காப்பீட்டு மேசையில் கேட்டுக்கொள்ள வேண்டும். பழைய படம், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், முன்பு எடுத்த ஸ்கேன் ஆகிய மூன்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள்.